கல்லா சரியாக இருக்கிறது, லாபம் எங்கே போகிறது?

கேள்வி: செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையில் பரோட்டா, பிரியாணி ஹோட்டல் நடத்துகிறேன். கல்லா, பார்சல் கவுண்டர், என் அறை என மூன்று இடங்களில் பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கிறது. மாத விற்பனை 9 லட்சம். கல்லாவில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. ஆனால் ஆறு மாதத்தில் சரக்குச் செலவு 3.24 லட்சத்திலிருந்து 3.60 லட்சமாகிவிட்டது, விற்பனை அப்படியே நிற்கிறது. நகையை அடகு வைத்து 2 லட்சத்தில் புது சாஃப்ட்வேரும் கேமராவும் போடலாமா?

பதில்: இப்போதைக்கு நகையைத் தொடாதீர்கள்.

முன்பு உங்கள் சரக்குச் செலவு விற்பனையில் 36 சதவீதம். அந்தக் கணக்கில் 3.60 லட்சம் சரக்குக்கு 10 லட்சம் விற்பனை வந்திருக்க வேண்டும். கறி, எண்ணெய், மைதா விலை ஏறியதைப் பழைய கொள்முதல் பில்லோடு ஒப்பிட்டுக் கழியுங்கள், வீணானதையும் கழியுங்கள். அப்படியும் பெரிய தொகை மிஞ்சினால், சாப்பாடு விற்றிருக்கிறது, கணக்கில் ஏறவில்லை என்றே சந்தேகப்பட வேண்டும்.

கல்லா டேலி ஆவது இதற்கு மறுப்பு ஆகாது. ஒரு டேபிள் 640 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போகிறது. பிறகு அந்த பில்லை கேன்சல் செய்தால் ரிப்போர்ட்டிலும் 640 குறையும். கல்லாவிலிருந்து 640 எடுத்தாலும் ராத்திரி கணக்கு நேராகவே நிற்கும். பழைய பில்லை ரீபிரின்ட் எடுத்து அதே அயிட்டம் சாப்பிட்ட இன்னொரு டேபிளுக்குக் கொடுப்பது அடுத்த வழி. கே.ஓ.டி. (சமையல்கட்டுக்குப் போகும் ஆர்டர் சீட்டு) இல்லாமல் வாய்ச்சொல்லுக்குச் சமையல்கட்டு சாப்பாடு கொடுத்தால்தான் இது நடக்கும். அதை இன்றே நிறுத்துங்கள்.

அட்மின் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால் யார் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தப்பே செய்யாத பையன் மேல் பழி விழும். ஆளுக்கொரு யூசர் திறங்கள். சப்ளையர் ஆர்டர் போடலாம், கே.ஓ.டி. அடித்தபின் அயிட்டத்தை எடுக்கக் கூடாது. கேஷியர் பில் போட்டுப் பணம் வாங்கலாம்; கேன்சல், தள்ளுபடி, ரீபிரின்ட், தேதி மாற்றம் கூடாது. கேன்சல் உரிமை சூப்பர்வைசருக்கு, காரணம் எழுதினால் மட்டும். அவர் கல்லாவில் உட்காரக் கூடாது. விலை, வரி, புது யூசர் மூன்றும் உங்களிடம். கேன்சலையும் நீங்களே வைத்துக்கொண்டால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் உங்கள் பாஸ்வேர்டு போனில் கை மாறும். வேலையை விட்டவரின் யூசரை அழிக்காமல் முடக்கி வையுங்கள், பழைய பதிவுகள் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

சாஃப்ட்வேரில் மட்டும் பூட்டுப் போட்டால் போதாது. சர்வரில், அதாவது பில் கணக்கு முழுவதும் சேரும் கம்ப்யூட்டரில், பில்லிங் ஃபோல்டர் எல்லோருக்கும் முழு உரிமையோடு ஷேர் ஆகியிருந்தால், பார்சல் கவுண்டரில் இருப்பவர் மதியம் எடுத்த பேக்கப்பை அதன்மேல் போட்டுவிடலாம். மாலை விற்பனை மொத்தமும் மறைந்துவிடும். கணக்கை ஃபைலில் நேரடியாக எழுதாமல் டேட்டாபேஸ் சர்வர் என்ற தனி புரோகிராம் வழியாக எழுதும் சாஃப்ட்வேர் என்றால் பெரும்பாலும் அந்த ஷேர் தேவையே இல்லை. விற்றவரிடம் கேட்டு மூடிவிட்டு, அவர் வைத்துப்போன டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ஃபைலில் நேரடியாக எழுதும் பழைய வகையில் உரிமையை முழுக்க எடுத்தால் பில்லே விழாது. அங்கே பில்லிங்குக்கென ஒரு விண்டோஸ் யூசருக்கு மட்டும் கொடுங்கள். ஊழியர்களின் விண்டோஸ் கணக்கு அட்மினாக இருக்கக் கூடாது. வாடிக்கையாளர் வைஃபை தனி. இவை எல்லாவற்றையும் கடை மூடியபின், பேக்கப் எடுத்துவிட்டு மாற்றுங்கள். ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு பில், ஒரு கேன்சல் போட்டுச் சரிபாருங்கள்.

இரவில் கேஷியர் ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்பே பணத்தை எண்ணி எழுதித் தரட்டும். நீங்கள் கேன்சல், நீக்கிய அயிட்டம், ரீபிரின்ட், தள்ளுபடி நான்கையும் யார், எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பில் எண் விட்டுப்போகிறதா என்பதையும் பாருங்கள்: ஜிஎஸ்டியில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், கேன்சல் எண்ணிக்கையை ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம் தாக்கல் செய்யும் படிவம்) கேட்கிறது. கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், கேஷியர் அல்ல.

கார்த்திகை பிறந்து ஐயப்ப சீசன் கூட்டம் வருவதற்குள் இதை முடியுங்கள். சீசனுக்கு எடுக்கும் ஆட்களுக்கும் தனி யூசர். ஒரு மாதத்தில் சரக்குச் செலவு 36, 37 சதவீதத்துக்கு இறங்கினால் கடனே வேண்டாம். 2 லட்சத்துக்கு மாதம் ஒரு சதவீத வட்டி என்றாலே 2,000 ரூபாய். உங்கள் சாஃப்ட்வேரில் ஆள்வாரி உரிமை கிடையாது என்றால் மட்டும் அதை மாற்றுங்கள். கேமரா ஒன்று போதும், கல்லா டிராயரும் பில் திரையும் சேர்ந்து தெரியும்படி. அதன் கடிகாரத்தை பில்லிங் கம்ப்யூட்டரோடு ஒத்து வையுங்கள், இல்லாவிட்டால் 9.14 மணி கேன்சலுக்குரிய காட்சியைத் தேடிப் பிடிக்க முடியாது.