மேடைக்குப் போகும் ஓவியம்

வணக்கம்.

தனியாகவே வரைந்து பழகியவன் நான். நண்பரான நடனக் கலைஞர் ஒருவர் தன் புதிய நிகழ்ச்சிக்கு மேடை அமைத்துத் தரச் சொல்கிறார். இசை வேறொருவர். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வேலை ஆடுபவருக்குப் பின்னால் தொங்கும் வெறும் திரைச்சீலையாகிவிடுமோ என்று பயம். கூட்டு வேலையில் ஓவியனின் கை தனியாகத் தெரியுமா?

க.

அன்புள்ள க.,

தெரியும். ஆனால் ஓவியத்தை எங்கே மாட்டுவது என்று யோசிப்பதை முதலில் விட்டுவிட வேண்டும்.

1935இல் அமெரிக்க நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் ‘ஃப்ரான்டியர்’ என்ற தனிநடனத்துக்காகச் சிற்பி இசாமு நொகுச்சியிடம் மேடை கேட்டார். நொகுச்சி எதையும் வரைந்து தொங்கவிடவில்லை. பின்னால் ஒரு துண்டு வேலி, அங்கிருந்து மேல் மூலைகளுக்கு விரிந்து போகும் இரண்டு கயிறுகள், அவ்வளவுதான். மேடை வெட்டவெளியாகிவிட்டது. ஆட்டத்துக்காகவே செய்ததுதான், ஆனாலும் பார்த்தவுடன் நொகுச்சியின் சிற்பம் என்று தெரிகிறது. அதன் பிறகு இருவரும் முப்பது ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தார்கள்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனம், ஜான் கேஜின் இசை, ஓவியர் ராபர்ட் ரவுஷன்பர்க்கின் மேடை எல்லாம் தனித்தனியாக உருவாயின. நிகழ்ச்சி எவ்வளவு நேரம் என்பது பொது, மற்றதெல்லாம் அவரவர் பாடு. ஆடுபவர்கள் பல சமயம் இசையைக் கேட்பதே முதல் நாள் மேடையில்தான்! 1954இல் ‘மினூஷியே’ என்ற நடனத்துக்காகக் கன்னிங்ஹாம் ரவுஷன்பர்க்கிடம் கேட்டது, ஆடுபவர்கள் ஊடே புகுந்து வரக்கூடிய ஏதாவது ஒன்று. 1963இல் ‘ஸ்டோரி’க்கோ, போகிற இடத்தில் கிடைத்த சாமான்களை வைத்து ஒவ்வொரு முறையும் புதிதாக மேடை அமைத்தார் ரவுஷன்பர்க். பிறகு 1968இல் ‘ரெயின்ஃபாரஸ்ட்’டுக்கு ஓவியர் ஆண்டி வார்ஹோலின் வெள்ளித் தலையணைகள் வந்தன. ஹீலியம் நிரப்பியவை, ஆடுபவர்கள் மேல் பட்டால் நகர்ந்துவிடும். அங்கே பயப்பட வேண்டியது ஆடுபவர்தான்.

ஆக, கை தெரியுமா என்ற கவலை வேண்டாம். பெயர் பற்றிக் கொஞ்சம் கவலைப்படலாம்.

1964இல் கன்னிங்ஹாம் குழு உலகப் பயணம் போனபோது ரவுஷன்பர்க்குக்கு வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியின் ஓவியப் பெரும்பரிசு கிடைத்தது. அந்தச் சமயத்தில், இந்த நடனக் குழுதான் தன்னுடைய மிகப் பெரிய கேன்வாஸ் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவைத்தார். பாராட்டாகத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கேஜுக்கும் கன்னிங்ஹாமுக்கும் அது அப்படிக் கேட்கவில்லை. பயணம் முடிந்ததும் ரவுஷன்பர்க் குழுவை விட்டு விலகினார். மறுபடி ‘டிராவலாக்’ என்ற நடனத்துக்காகச் சேர்ந்தபோது 1977 ஆகியிருந்தது. பத்து வருடம் ஒன்றாக உழைத்தவர்களுக்கே இந்தக் கதி.

அதனால் தூரிகையை எடுக்கும் முன் நண்பரோடு உட்கார்ந்து பேசுங்கள். அறிவிப்பில் யார் பெயர் எங்கே வரும், நிகழ்ச்சி முடிந்தபின் மேடைப் பொருள்கள் யாரிடம் இருக்கும், அவற்றை நீங்கள் தனியாகக் கண்காட்சியில் வைக்கலாமா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நண்பர்தானே என்று விட்டுவிடாதீர்கள். நண்பர் என்பதால்தான் எழுதச் சொல்கிறேன்.

அப்புறம், ஒத்திகைக்கு வெறுங்கையோடு போங்கள். அவர் கால் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். ஒளியமைப்பாளரையும் பிடித்துவையுங்கள், ஏனென்றால் நீங்கள் பார்த்துப் பார்த்துக் கலந்த பச்சை நிறம்கூட சிவப்பு வெளிச்சம் விழுந்தால் கறுப்பாகிவிடும்.