புக்கிட் தீமாவுக்கு 8 கோடு, லேடாங்குக்கு 63

ஈசூன் வாசகர் ஒருவரின் கேள்வி: “வாரந்தோறும் புக்கிட் தீமா குன்றில் ஏறுகிறேன். அடுத்த மாதம் நண்பர்களுடன் ஜொகூரிலுள்ள லேடாங் மலைக்குப் போகிறேன். கையிலுள்ள வரைபடத்தின் அளவு 1:50,000, கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் என்று இருக்கிறது. அந்தப் பழுப்புக் கோடுகளை வைத்து ஏற்றத்தை எப்படிக் கணிப்பது?”

அவை சம உயரக் கோடுகள். ஓர் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிப் பாத்திரத்தில் கவிழ்த்து வையுங்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நீர் தொடும் விளிம்பைக் கத்தி நுனியால் கீறுங்கள். அதே அளவு நீர்மட்டம் உயரும்போதெல்லாம் இன்னொரு கீறல். மேலிருந்து பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும். மலையின் படமும் அதுதான். ஒரே கோட்டின் மேல் நடப்பவர் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.

உயரம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. ஏறக்குறைய 164 மீட்டர் உள்ள புக்கிட் தீமாவுக்கு 20, 40 என்று தொடங்கி 160 வரை எட்டுக் கோடுகள். 1,276 மீட்டர் லேடாங்குக்கு 63. ஆனால் நீங்கள் கடலோரத்திலிருந்து ஏறப்போவதில்லை. புறப்படும் இடத்தின் உயரத்தைக் கழித்துவிடுங்கள்.

காலைச் சோதிப்பது உயரத்தைவிடச் சரிவுதான். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடிமனாக இருக்கும். ஒரு தடிக்கோட்டிலிருந்து அடுத்ததற்கு 100 மீட்டர் ஏற்றம். உங்கள் வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். பாதை நெடுகிலும் தடிக்கோடுகள் 2 சென்டிமீட்டர் விலகியிருந்தால் பத்தடிக்கு ஓரடி ஏற்றம், பேசிக்கொண்டே நடக்கலாம். அதுவே 2 மில்லிமீட்டராக நெருங்கினால் 45 பாகைச் சரிவு, கையையும் ஊன்ற வேண்டியிருக்கும். லேடாங்கில் பார்க்க வேண்டியது இந்த நெருக்கத்தைத்தான்.

கோடுகள் கூம்பி வளையும் இடங்களில், கூர்முனை உயரமான பக்கம் நோக்கினால் பள்ளத்தாக்கு. பெரும்பாலும் அங்கே ஓடை இருக்கும். தாழ்ந்த பக்கம் நோக்கினால் மலைமுகடு. மழைக்காலத்தில் நான் முகட்டு வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கோடுகள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. இரு கோடுகளுக்கு நடுவே ஐந்து மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் உயரத்துக்கு ஒரு மேடு இருந்தாலும் வரைபடத்தில் தெரியாமல் போகலாம். பாதை இறங்கி மீண்டும் ஏறினால், அந்த ஏற்றத்தையும் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வரைபடத்தைப் பெரிதாக்கி நகலெடுத்தால் 1:50,000 என்ற எண் செல்லாது. ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவுகோலும் சேர்ந்தே பெரிதாகும். அதை வைத்து அளந்துகொள்ளுங்கள்.