மூக்கோரத்துக் கட்டிக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: எனக்கு வயது 44. மூக்கின் ஓரத்தில் இருந்த மஞ்சள் நிறச் சிறு கட்டியை அகற்றிப் பரிசோதித்ததில் ‘செபேஷியஸ் அடினோமா’ என்று வந்தது. இது புற்றுநோய் அல்ல என்ற மருத்துவர், அப்பா 47 வயதில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்ததையும் அத்தைக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்ததையும் கேட்டதும், மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார். அவசியமா?

பதில்: அவசியம். தோலின் எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றும் இக்கட்டியால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அரிதாகவே வரும் இது, லிஞ்ச் சிண்ட்ரோம் எனப்படும் பரம்பரைப் புற்றுநோய்ப் பாதிப்பின் வெளி அடையாளமாகச் சிலரிடம் இருக்கக்கூடும். இத்தகைய தோல் கட்டியும் சேர்ந்து வரும் அதன் வடிவத்தை 1967இல் மூயரும் 1968இல் டோரேயும் தனித்தனியே விவரித்ததால் மூயர்-டோரே சிண்ட்ரோம் என்று சொல்வோம். செல் பிரியும்போது டிஎன்ஏவில் நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று, பெரும்பாலும் எம்எஸ்எச்2, பிறவியிலேயே பழுதாகியிருப்பதால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. குடல், கருப்பை ஆகியவற்றின் உட்சுவர்கள் அதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றன.

நடுவயதில் நெற்றியிலும் கன்னத்திலும் நடுவில் குழியுடன் வரும் மஞ்சள் பருக்கள் பெரும்பாலும் வெறும் சுரப்பிப் பெருக்கமே. அவற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. இதைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன் நிற்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

அகற்றிய திசு மெழுகில் பதித்து ஆய்வகத்தில் வைக்கப்பட்டிருக்கும். அந்த மரபணுக்கள் உருவாக்கும், பழுதுநீக்கும் நான்கு புரதங்களும் அதில் உள்ளனவா என்று, திசுவுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் ஐஎச்சி பரிசோதனையில் அறியலாம். ஒரு புரதம் காணப்படாவிட்டால் சந்தேகம் வலுக்குமே தவிர, நோய் உறுதியாகிவிடாது. நான்கும் இருந்தாலும், உங்கள் குடும்ப வரலாற்றைப் பார்க்கும்போது, இரத்தத்தில் மரபணுவைச் சோதிப்பதே முறை. மரபணுப் பழுது உறுதியானால், உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது இருக்க ஆளுக்கு 50 சதவீத வாய்ப்பு உண்டு; உங்களுக்கு ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் பரிசோதனை) தேவைப்படும், கருப்பை, சினைப்பை பற்றியும் மகப்பேறு மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கும். மாதவிடாய்க்கு இடையே இரத்தப்போக்கு இருந்தால் இப்போதே காட்டுங்கள்.

முதல் கொலோனோஸ்கோப்பிக்கு மட்டும் எந்த முடிவுக்கும் காத்திருக்காதீர்கள். அப்பாவுக்கு அவ்வளவு இளவயதில் நோய் வந்தது என்ற ஒன்றே, நீங்கள் அதை 40 வயதுக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்பதற்குப் போதிய காரணம்.

அத்தை உயிரோடு இருந்து சம்மதித்தால், மரபணுப் பரிசோதனையை அவரிடமிருந்தே தொடங்குவது நல்லது. நோய் வந்தவரிடம் பழுது இன்னதென்று கண்டறிந்துவிட்டால், உங்களிடம் அது இல்லை என்ற முடிவையும் நம்பி ஏற்கலாம்.