பெட்டி தேடப் போன இடத்தில் கிடைத்த சிநேகிதங்கள்

போன இதழில், சனிக்கிழமைகளில் நானும் கணவரும் ஜியோகேச்சிங் போவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். போனில் உள்ள ஜி.பி.எஸ்.ஸைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியைத் தேடி, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வரும் விளையாட்டு அது. அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் பையனுக்குப் பதினோரு வயது. வகுப்பில் யாரோ சொல்லி, போகலாம் என்று நச்சரிக்கிறான். அந்தப் பெட்டியில் அப்படி என்னதான் இருக்கும்?
— ஒரு அப்பா, ஹில்ஸ்பரோ

பெரியவர்கள் கண்ணுக்கு ஒன்றுமே இருக்காது. கோலிக்குண்டு, ரப்பர் வாத்து, கனடாக் காசு, சாவிக்கொத்து, பாதி தேய்ந்த ஸ்டிக்கர். உங்கள் பையனுக்கு அது பொக்கிஷம். ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமாகவோ கொஞ்சம் உசத்தியாகவோ ஒன்றை வைக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். அதனால் கிளம்பும்போதே அவன் பையில் நாலைந்து சின்னப் பொருட்கள் இருக்கட்டும். பேனாவும் பென்சிலும் கட்டாயம். நம் ஊர் மழையில் பேனா பாதி நாள் எழுதாது.

இன்னொன்றும் அவனுக்குச் சொல்லுங்கள். இந்த விளையாட்டு பிறந்ததே உங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார் தூரத்தில்தான். அதுவரை அமெரிக்க ராணுவம், பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ். சமிக்ஞையை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் பீவர்க்ரீக் பக்கத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து வைத்து, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். வாளிக்குள் புத்தகம், மென்பொருள், வீடியோ, ஒரு கவண், ஒரு பீன்ஸ் டப்பா. மூன்று நாளுக்குள் இரண்டு பேர் போய்க் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. இன்றைக்கு யாரும் பீன்ஸ் டப்பா வைக்க மாட்டார்கள். மோப்பம் பிடித்து மிருகங்கள் வந்துவிடும் என்று உணவுப் பொருளுக்கே தடை. மண்ணைத் தோண்டிப் புதைக்கவும் கூடாது.

நான் இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. வேலை பார்க்க விசா இல்லை. கணவர் காலையில் போனால் இரவுதான் வருவார். நீங்கள் ‘சிநேகிதம்’ என்று எழுதியிருந்தீர்கள். ஆளில்லாத புதருக்குள் பெட்டி தேடுவதில் சிநேகிதம் எங்கிருந்து வரும்?
— ஒரு வாசகி, பீவர்ட்டன்

உங்கள் கடிதத்தைத்தான் இந்த இதழில் முதலில் எடுத்து வைத்தேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நோட்டு. சில இடங்களில் பெட்டி என்பதே பாலத்துக்கு அடியில் காந்தத்தில் ஒட்டியிருக்கும் ஒரு குழாய்தான், சுண்டுவிரல் கனம்தான் இருக்கும். மூடியைத் திருகினால் உள்ளே சுருட்டி வைத்த ஒரு காகித நாடா. அதைப் பிரித்தால் வரிசையாகப் பெயர்களும் தேதிகளும். எல்லாம் புனைபெயர். அடுத்த வாரம் வேறு பூங்காவில் வேறு பெட்டி. அங்கேயும் அதே பெயர்களில் நாலைந்து இருக்கும். ஒருவர் எப்போதும் பச்சை மசியில் எழுதுவார், ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தவளை வரைவார். வீட்டுக்கு வந்து போனில் ஜியோகேச்சிங் செயலியில் பதிவு போடும்போது அவர்கள் எழுதியதையும் படிக்கிறோம்: நாய் சேற்றில் விழுந்தது, பேத்திதான் முதலில் பார்த்தாள், மனைவி காலமான பிறகு வந்த முதல் நடை இது. முகம் தெரியாமலே இவர்களெல்லாம் பழகிப்போகிறார்கள்.

முகம் தெரியும் நாளும் வரும். புதிதாக ஒரு பெட்டி வெளியானால் போனில் தகவல் வரும். முதலில் போய்க் கையெழுத்துப் போடுவதில் இங்கே ஒரு பெரிய போட்டி உண்டு. ஒரு நவம்பர் இரவு, அடைமழையில், நானும் கணவரும் டார்ச்சோடு ஒரு பூங்காவுக்குப் போனோம். பெரணிச் செடிகளுக்குள் குனிந்து கையை விட்டுக்கொண்டிருக்கும்போது, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு வெளிச்சம் வந்தது. மழைச்சட்டை போட்ட ஒரு பாட்டி. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் என்று அப்புறம் தெரிந்தது. அவர் டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டு, எங்கள் புனைபெயரைச் சொல்லி, “நீங்கள்தானா?” என்று கேட்டார். தவளை வரைகிறவர் அவர்தான். மூன்று பேரும் சேர்ந்து தேடி, ஒரே வரியில் பெயர் எழுதினோம். அந்த வார இறுதியில் நடந்த ஒரு காலைச் சந்திப்புக்கு அவர்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தச் சந்திப்புகளில்தான் விஷயமே இருக்கிறது. ‘ஈவென்ட்’ என்று அதையும் ஒரு கேச் (ஒளித்து வைத்த பெட்டியை அப்படித்தான் சொல்வார்கள்) போலவே செயலியின் வரைபடத்தில் போடுவார்கள். குறைந்தது அரை மணி நேரமாவது நடக்க வேண்டும், இரண்டு வாரம் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும் என்று விதி. ஒரு உணவகத்தில் பான்கேக் சாப்பிடுவதாகக்கூட இருக்கலாம். மேஜையில் நர்ஸ், லாரி ஓட்டுநர், பள்ளி மாணவன், கணக்குப் பேராசிரியர் எல்லாரும் இருப்பார்கள். நம்மவர் கூட்டங்களில் முதல் கேள்வி என்ன? எந்தக் கம்பெனி, எந்த விசா, வீடு வாங்கியாச்சா. இங்கே முதல் கேள்வி, “அந்த ஆற்றங்கரைப் பெட்டியைக் கண்டுபிடித்தீர்களா?” இல்லை என்று சொன்னால் பேச்சு இன்னும் நன்றாகவே போகும். நீங்கள் யார் மனைவி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாரும் கேட்காமல் ஒரு மணி நேரம் சிரித்துப் பேசலாம். உங்கள் நிலையில் இருக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். நானும் வேலை பார்க்க முடியாத விசாவில்தான் வந்தேன்.

ஆங்கிலத்தில் பேசக் கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ‘சி.ஐ.டி.ஓ.’ என்று போட்டிருக்கும் சந்திப்பில் ஆரம்பியுங்கள். கேச் தேடுகிறவர்கள் ஒன்றுகூடிப் பூங்காவில் குப்பை பொறுக்குவது, களை பிடுங்குவது, 2002-லிருந்து நடக்கிறது. கையில் வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். பக்கத்தில் குனிந்து நிற்பவரிடம் ஐவிக் கொடியை எப்படி வேரோடு இழுப்பது என்று கேளுங்கள், போதும். ஐந்நூறு பேருக்கு மேல் கூடும் மெகா சந்திப்புகளும், ஐயாயிரத்துக்கு மேல் கூடும் கிகாக்களும் உண்டு (முதல் கிகா 2014-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்தது). எடுத்த எடுப்பில் அது வேண்டாம். பத்துப் பேர் கூடும் இடமே முதலில் நல்லது.

செயலியில் ‘வருகிறேன்’ என்று பதிவு போடும்போது, இதுதான் என் முதல் சந்திப்பு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வாசலிலேயே யாராவது காத்திருப்பார்கள். காட்டுப் பாதைகளுக்குத் துணை கிடைத்த பிறகு போகலாம். அதுவரை நூலகத்தைச் சுற்றியும் பூங்காக்களிலும் பகலில் தேடுங்கள்.

பெட்டி தேடும்போது சுற்றியுள்ளவர்கள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். வாகன நிறுத்துமிடத்தில் விளக்குக் கம்பத்தின் அடிமூடியைத் தூக்கிப் பார்த்தபோது ஒருவர் போனை எடுத்துவிட்டார். நம் நிறத்தில் இருப்பவர்களுக்கு இது சரிப்படுமா?
— ஒரு வாசகர், கென்ட்

சரியான கேள்வி. பயத்தில் நியாயம் இருக்கிறது. விளையாட்டு தெரியாதவர்களை இங்கே ‘மகிள்’ என்பார்கள். மகிள் கண்ணில் படாமல் எடுப்பதுதான் சுவாரசியம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒளிந்து ஒளிந்து தேடினால்தான் சந்தேகம் வரும். யாராவது உற்றுப் பார்த்தால் நீங்களே முந்திக்கொண்டு வணக்கம் சொல்லி, செயலியைக் காட்டுங்கள். நான் அப்படிக் காட்டிய ஒருவர் கூடவே நின்று தேட ஆரம்பித்துவிட்டார். போலீஸ் வந்தாலும் உள்ளதைச் சொல்லுங்கள்; இந்த விளையாட்டு அவர்களில் பலருக்குத் தெரியும்.

இருட்டிய பிறகு தனியாகப் போகாதீர்கள். குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கும் பெட்டி மனதுக்குச் சங்கடமாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். குழந்தைகளோடும் நண்பர்களோடும் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கென்டில் இருக்கிறீர்கள், சியாட்டில் பக்கம்தானே? ஃப்ரீமான்ட் பகுதியில் இந்த விளையாட்டை நடத்துகிறவர்களின் தலைமையகம் இருக்கிறது. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் அங்கே வருவார்கள். திறந்திருக்கும் நேரம் பார்த்துவிட்டு ஒரு நாள் போய் வாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருக்கிறேன். பேரன் கூப்பிடுகிறான், முழங்கால் ஒத்துழைக்கவில்லை.
— ஒரு தாத்தா, வான்கூவர், வாஷிங்டன்

ஐயா, ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு எண்கள் இருக்கும்: தேடுவதன் கடினம் ஒன்று, பாதையின் கடினம் ஒன்று. இரண்டும் 1 முதல் 5 வரை. பாதை 1 என்றிருந்தால் சக்கர நாற்காலியிலும் போகலாம். அதை மட்டும் வடிகட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது புதிர் கேச். வீட்டில் உட்கார்ந்து புதிரை விடுவித்தால்தான் பெட்டி இருக்கும் இடமே தெரியும். நீங்கள் விடுவியுங்கள், பேரன் ஏறி எடுக்கட்டும். சாதாரணப் பெட்டிகளின் குறிப்புக்கூட, ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளிப் போட்டு மறைத்ததுதான். ஒரு பொத்தானைத் தட்டினால் செயலியே விடை சொல்லிவிடும், தட்டாதீர்கள். காகிதம் பென்சிலோடு இருவரும் உட்காருங்கள். பூமி கேச் என்றும் ஒன்று உண்டு. பெட்டியே கிடையாது, பாறையையும் அருவியையும் பார்த்து, அந்த இடம் எப்படி உருவானது என்ற கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். வகுப்பெடுத்துப் பழகிய உங்களுக்கு அது நிச்சயம் பிடிக்கும்.

டிசம்பரில் மதுரை போகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெட்டி ஒளித்து வைத்துவிட்டு வரலாமா?
— ஒரு வாசகி, போர்ட்லாந்து

ஆசை புரிகிறது, ஆனால் வேண்டாம். பெட்டி நனைந்தால், தொலைந்தால், ஓடிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்பது விதி. விடுமுறையில் போன இடத்தில் வைப்பதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. இடத்துக்குச் சொந்தக்காரர் சம்மதமும் வேண்டும். அதோடு, கோயிலும் கூட்டமும் உள்ள ஊரில் கேட்பாரற்ற ஒரு டப்பா கிடந்தால் அடுத்த நிமிடம் ‘மர்மப் பொருள்’ என்று போலீஸ் வந்துவிடும்.

அதற்குப் பதில், மதுரையிலிருந்து ஒரு சின்னப் பொருளை இங்கே கொண்டுவந்து பயணம் அனுப்புங்கள். ‘டிராவல் பக்’ என்று, எண் பொறித்த உலோக வில்லை விற்கிறார்கள். அதை ஒரு பொருளில் கோத்துப் பெட்டிக்குள் விட்டால், கண்டெடுப்பவர் அடுத்த பெட்டிக்குத் தூக்கிப் போவார். ஒவ்வொரு கைமாறலும் உங்களுக்குத் தெரியவரும். நான் ஒரு சலங்கை மணியைக் கோத்து விட்டேன். ஜெர்மனியில் ஒரு குடும்பம் அதைப் பனியின் மேல் வைத்துப் படம் எடுத்துப் போட்டு, இது என்ன மணி என்று கேட்டது. அந்தக் குடும்பத்தோடு இன்னும் கடிதத் தொடர்பு இருக்கிறது. மணி எங்கேயோ தொலைந்துவிட்டது. நிறைய வில்லைகளுக்கு அதுதான் நடக்கும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். வில்லை வாங்கும்போது அதே எண்ணோடு இன்னொரு பிரதியும் தருவார்கள், அதைப் பத்திரமாக வைத்திருங்கள். செவ்வாயில் இருக்கும் பெர்சிவரன்ஸ் ஊர்தியிலேயே இப்படி ஒரு எண் இருக்கிறது, விண்வெளி உடையின் முகக்கவசத் துண்டு ஒன்றில் பொறித்தது.

முதல் ஈவென்ட்டுக்கு என்ன சமைத்து எடுத்துப் போவது?
— ஒரு வாசகி, பெல்வியூ

உணவகத்தில் நடந்தால் ஒன்றும் வேண்டாம், அவரவர் வாங்கிச் சாப்பிடுவார்கள். ஆளுக்கொன்று கொண்டுவரும் பூங்காச் சந்திப்பு என்றால் எலுமிச்சை சாதம், இல்லையென்றால் சுண்டல். என் அனுபவத்தில் மசால் வடைதான் முதலில் தீரும். சூடாக இல்லாவிட்டாலும் யாரும் கவலைப்படுவதில்லை. வேர்க்கடலை, முந்திரி போட்டிருந்தால் ஒரு சீட்டில் பெரிதாக எழுதிப் பாத்திரத்தின் மேல் ஒட்டிவிடுங்கள், இங்கே பலருக்கு ஒவ்வாமை உண்டு. செய்முறை கேட்பார்கள், அதையும் நாலு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.