மொழி தெரியாத ஊரில் தீபாவளி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பண்டிகை விடுமுறையைச் சேர்த்து வெளிநாடு போகும் குடும்பங்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: தீபாவளியை ஒட்டி ஐந்து நாள் வியட்நாம் போகிறோம். எல்லோரும் சைவம், மாமியார் பூண்டும் சேர்க்க மாட்டார். ஆங்கிலம் பேசினால் அங்கே புரியுமா? சாப்பாட்டுக்கு என்ன வழி?
– வாசகி, மதுரை

பதில்: விமான நிலையத்திலும், பெரிய ஓட்டல்களிலும், ஹனோயின் பழைய நகரப் பகுதியிலும் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். தெருக்கடையிலும் வாடகைக் காரிலும் முடியாது. ஆனாலும் சைவக்காரர்கள் பயப்பட வேண்டிய நாடு இல்லை இது. பௌத்த வழக்கத்தில் வந்த சைவ உணவுக்கு அங்கே 'சாய்' என்று பெயர். வியட்நாம் மொழியை ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். பெயர்ப் பலகையில் சி, எச், ஏ, ஒய் என்ற நான்கு எழுத்தைக் கண்டால் நம்பி நுழையலாம்.

உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலரும் சைவம் சாப்பிடுவார்கள். நம் தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால், அவர்களின் மாதப் பிறப்பும் அதை அடுத்தே வந்துவிடும். அன்றைக்கு சாய் கடைகளில் கூட்டம் அதிகம். பதினோரு மணிக்கே மதிய உணவுக்குப் போய்விடுங்கள்.

தவறு நடப்பது 'காய்கறி மட்டும் போதும்' என்று சாதாரணக் கடையில் கேட்கும்போதுதான். கீரை வதக்கல் வரும். அதில் 'நுவக் மாம்' என்ற மீன் சாறு இருக்கும். நமக்கு உப்பு எப்படியோ அப்படி அவர்களுக்கு அது; சமைப்பவர் அதை மீன் என்று நினைப்பதே இல்லை. நூடுல்ஸில் காய் மட்டும் தெரியும், ஊற்றிய சாறோ எலும்பு வேகவைத்த தண்ணீராக இருக்கும். ஆகவே அசைவக் கடையில் நின்று 'அது வேண்டாம், இது வேண்டாம்' என்று பட்டியல் போடுவதைவிட, நூறு மீட்டர் நடந்து சாய் கடைக்குப் போவது மேல். அங்கே உணவுப் பட்டியலில் கோழி, பன்றி, இறால் என்று எழுதியிருந்தால் திடுக்கிட வேண்டாம். சோயாவிலும் காளானிலும் செய்த போலி இறைச்சி அது.

பூண்டு விஷயம் தனி. பௌத்த மடங்களின் வழியில் நடத்தும் கடைகளில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. நகரத்தின் புதிய சாய் கடைகள் எல்லாம் அப்படி இல்லை. அதற்கு ஓர் அட்டை வேண்டும். நான்கு வரி போதும்: 'நான் சாய் உணவு சாப்பிடுபவர். மீன் சாறு, சிப்பி சாஸ், எலும்புச் சாறு சேர்க்காதீர்கள். முட்டை சேர்க்காதீர்கள். பூண்டும் வெங்காயமும் சேர்க்காதீர்கள்.' செயலியில் மொழிபெயர்த்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த அன்றே ஓட்டல் வரவேற்பில் காட்டித் திருத்தி வாங்குங்கள். பிறகு அதைப் படம் எடுத்து, வீட்டில் எல்லோர் கைபேசியிலும் ஏற்றிவிடுங்கள்.

தமிழில் எழுதி வைத்துக்கொண்டு வாயால் சொல்லிப் பார்க்காதீர்கள். ஹனோய்ப் பேச்சில் ஆறு தொனிகள் இருக்கின்றன. 'மா' என்ற ஒரே அசை, தொனி மாறினால் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று ஆறு பொருள் தரும். வியட்நாமில் பேச வேண்டாம், காட்டுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஹோய் ஆன், தனாங், ஹியூ இருக்கும் நடு வியட்நாமுக்கு அக்டோபரும் நவம்பரும் மழை, வெள்ளக் காலம். விளம்பரப் படங்களில் அழகாகத் தெரியும் ஹோய் ஆன் தெருக்களில் அப்போது படகு விடுவார்கள். தீபாவளிப் பயணத்துக்கு ஹனோய், நின் பின், ஹாலாங் விரிகுடா என்று வடக்கே போவதுதான் சரி.

கேள்வி: மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழில் பேசினால் எதிராளி சிரிக்கிறார் அல்லது விழிக்கிறார். என்ன கோளாறு?
– வாசகர், ஈரோடு

பதில்: நாம் பேசும் விதத்தில்தான். 'பூண்டு கீண்டு போடாம ஏதாச்சும் கெடைக்குமா' என்ற வாக்கியத்தில் யார், யாருக்கு என்பது இல்லை, 'கீண்டு' என்ற எதிரொலிச் சொல் இருக்கிறது, பேச்சு வழக்கு வேறு. இயந்திரம் ஆளைத் தானே ஊகித்து 'அவன்', 'நீ' என்று எதையாவது போட்டுவிடும்.

எழுத்துத் தமிழில், ஆறேழு சொல்லுக்கு மிகாமல், ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம் கேளுங்கள். 'இந்த உணவில் பூண்டு இருக்கிறதா?' இது போதும். மொழிபெயர்ப்பு வந்ததும் அதையே நகலெடுத்துத் திருப்பித் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். போனதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் காட்டலாம். வீட்டில் ஒருவருக்கு ஆங்கிலம் வரும் என்றால் ஆங்கிலத்திலிருந்து மாற்றுவது பெரும்பாலும் சுத்தமாக வரும். தமிழ்ப் பற்றை அந்த இரண்டு நிமிடம் ஒதுக்கி வைக்கலாம்.

எதிர்மறையில் கேட்காதீர்கள். 'இதில் மீன் இல்லைதானே?' என்று கேட்டால், ஜப்பானியரோ தாய்லாந்துக்காரரோ 'ஆமாம்' என்பார். 'ஆமாம், இல்லை' என்பது அவர் கணக்கு. செயலி வெறும் 'ஆமாம்' என்று காட்டும். நீங்கள் சாப்பிடாமல் எழுந்து வருவீர்கள். கேள்வியை நேர்மறையாகத் திருப்பி, தலையாட்டலையும் புன்னகையையும் பதிலாக எடுத்துக்கொள்ளாமல், சொல்லாகப் பதில் வரும்வரை காத்திருங்கள்.

கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் தமிழ், ஆங்கிலம், போகும் நாட்டு மொழி மூன்றையும் இணையம் இல்லாமல் இயங்கும்படி தரவிறக்கிக்கொள்ளுங்கள். பிறகு கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு ஒரு முறை சோதியுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

கேள்வி: பாஸ்போர்ட்டில் எனக்குப் பெயர் மட்டும்தான், குடும்பப் பெயர் இடம் காலி. டிக்கெட் போடும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை. முதலெழுத்தை விரித்துப் போடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். பாஸ்போர்ட்டின் பெயர்ப் பகுதியில் இல்லாத எதையும் டிக்கெட்டில் சேர்க்காதீர்கள். சில விமான நிறுவனங்கள் இரு கட்டத்திலும் அதே பெயரைப் போடச் சொல்லும். சில, குடும்பப் பெயர் இல்லை என்பதற்கான குறியீட்டைப் போடச் சொல்லும். உங்கள் நிறுவனத்தின் விதியைப் படித்து அதன்படி போடுங்கள். விசா விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி.

துபாய் போவதாக இருந்தால் கூடுதல் கவனம். தனிப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் தளர்வு தந்தது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடிக்கடி வெளிநாடு போகும் குடும்பம் என்றால், தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்து பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்வதே நிரந்தர வழி. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

இதே எச்சரிக்கை வருகை அட்டைக்கும். தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா மூன்றும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் படிவம் நிரப்பச் சொல்கின்றன. மூன்றும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் ஜப்பான். மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. நானும் கணவரும் சைவம்.
– வாசகி, கோவை

பதில்: மகனைவிட உங்களுக்குத்தான் அங்கே சிரமம். ஜப்பானில் பொட்டல உணவில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பது சட்டக் கட்டாயம். முட்டை, பால், கோதுமை, பக்வீட், இறால், நண்டு, வால்நட் ஆகியவற்றோடு வேர்க்கடலையும் அதில் இருக்கிறது. செயலியின் கேமராவை உறையின் பின்பக்கம் காட்டினால் தெரிந்துவிடும். ஓட்டலில் தட்டில் வரும் உணவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே ஜப்பானிய எழுத்தில் ஒவ்வாமை அட்டை வேண்டும். மருத்துவர் தந்த அவசர மருந்தை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒவ்வாமைக் கட்டத்தைப் பார்த்து 'சைவம்' என்று முடிவு கட்டக் கூடாது. முழு உட்பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும். 'தஷி' என்ற சாறு மிசோ சூப்பிலும், நூடுல்ஸிலும், வேகவைத்த காயிலும் இருக்கும். அதன் அடிப்படை பெரும்பாலும் உலர்ந்த சூரை மீன். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீனைப் பரிமாறுவார்கள். அட்டையில் 'மீன் தஷியும் வேண்டாம்' என்று தனி வரி அவசியம். கியோட்டோவிலும் கோயா மலையிலும் 'ஷோஜின் ரியோரி' என்ற மடத்து உணவு கிடைக்கும். விலை கூடுதல், முன்பதிவு தேவை, ஆனால் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

நாளும் சரியில்லை. டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை அருங்காட்சியகங்களும் சிறு உணவகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். அந்தச் சமயத்தில் டோக்கியோ – ஒசாகா நொஸோமி புல்லட் ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது. நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு அதற்கான இருக்கையைத் தனியாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் 1,000 யென் கட்டணம். நம் குடும்பப் பெட்டிகள் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். முழு ஆண்டு விடுமுறையில் போகலாம் என்றால், ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான அவர்களின் தொடர் விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, தமிழ் மட்டும்தான். கூட்டத்தில் பிரிந்துவிட்டால்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவர் கையில் கைபேசியைத் திணிப்பதோடு விடாதீர்கள், சட்டைப்பையில் காகிதம் இருக்கட்டும். உள்ளூர் எழுத்தில் ஓட்டல் பெயர், முகவரி, தொலைபேசி (வரவேற்பில் கிடைக்கும் அட்டையே போதும்), அதன் பின்புறம் உங்கள் எண் நாட்டுக் குறியீட்டோடு, அவருடைய நோய், இரத்த வகை. மருந்துகளை வணிகப் பெயரில் எழுதாதீர்கள். நம் ஊர்ப் பெயர்கள் வெளிநாட்டு மருத்துவருக்குத் தெரியாது. மூலப் பெயரும் மில்லிகிராமும் வேண்டும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பாராசிட்டமாலுக்கே 'அசெட்டமினோஃபென்' என்றுதான் பெயர்.

பிரிந்தால் என்ன செய்வது என்பதை ஊரிலேயே பேசி முடிவெடுங்கள்: அவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், நீங்கள்தான் திரும்பி வர வேண்டும். இருவரும் தேடினால் இருவரும் தொலைவீர்கள். தாய்லாந்தில் சுற்றுலாக் காவல்துறை எண் 1155, ஆம்புலன்ஸ் 1669. ஜப்பானில் காவல் 110, ஆம்புலன்ஸ் 119. வியட்நாமில் 113, 115.

முதல் வெளிநாட்டுப் பயணம் என்றால் சிங்கப்பூரையே சொல்வோம். தமிழ் அங்கே ஆட்சிமொழி, ரயில் நிலையங்களிலும் கண்ணில் படும். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. மறுநாள் திங்களும் அங்கே விடுமுறை. லிட்டில் இந்தியா இருக்கும் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் அந்த வாரம் அறை கிடைப்பது கடினம். இரண்டு ரயில் நிலையம் தள்ளி எடுங்கள்.

கேள்வி: வியட்நாம் பணத்தில் ஏமாறாமல் இருக்க?
– வாசகர், சேலம்

பதில்: 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலச் சாயல், இரவில் மாற்றிக் கொடுத்துவிடுவோம். பெரிய நோட்டைத் தனிப் பையில் வையுங்கள். கடைக்காரர் 'ஐம்பது' என்றால் 50,000 என்று பொருள். கால்குலேட்டரில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓட்டல் அறையில் எண்ணெய்க் குளியல், விளக்கு, பலகாரம் எல்லாம் முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: குளியல் முடியும். ஓட்டல் துண்டில் எண்ணெய்க் கறை பட்டால் பணம் கேட்பார்கள், பழைய துண்டு ஒன்று கொண்டுபோங்கள். குளியல் தொட்டியில் எண்ணெய் சிந்தினால் வழுக்கும், பெரியவர்களை அதில் இறக்காதீர்கள். அறையில் விளக்கும் ஊதுபத்தியும் வேண்டாம், புகை உணரி அலறும். பேட்டரி விளக்கு போதும். தீபம் ஏற்ற வேண்டும் என்பவர்கள் கோயிலுக்குப் போகலாம்: பாங்காக்கில் சீலோம் சாலையிலும், ஹோ சி மின் நகரத்திலும் மாரியம்மன் கோயில் இருக்கிறது.

காலை உணவுக்கு, வறுத்துத் தாளித்த ரவை உப்புமாக் கலவையை வெந்நீர் ஊற்றி மூடினால் பத்து நிமிடத்தில் ஆகிவிடும். ஜப்பானுக்கு மட்டும் நம் ஊர்க் கெட்டிலை எடுத்துப் போகாதீர்கள். அங்கே 100 வோல்ட். 230 வோல்ட் கெட்டில் ஐந்தில் ஒரு பங்கு சூடே தரும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் பால் இனிப்பையும் பச்சைக் கறிவேப்பிலையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முறுக்கு, பொடி என்று எதை எடுத்துப் போனாலும் வருகைப் படிவத்தில் 'உணவு உண்டு' என்று குறியுங்கள். குறித்தால் அதிகபட்சம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். குறிக்காமல் மாட்டினால் நியூசிலாந்தில் அங்கேயே 400 டாலர் அபராதம்.

கேள்வி: குழந்தைகளுக்குக் கம்பி மத்தாப்பு மட்டுமாவது பெட்டியில் போடலாமா?
– வாசகர், சிவகாசி

பதில்: கூடாது. கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது. பொட்டு வெடிக்கும் இதே விதிதான்.