மகள், பிரெஞ்சு படிக்கப் போகிறாய் என்றால்

"பிரெஞ்சு மொழியும் பண்பாடும் பட்டப்படிப்பாகப் பிரான்சில் படிக்கலாமா மாமி? டெல்ஃப் பிரெஞ்சுத் தேர்வில் பி1 நிலை முடித்துவிட்டேன். அறை வாடகை எவ்வளவு, குளிர் தாங்குமா, பிறகு வேலை கிடைக்குமா?" என்று களுவாஞ்சிக்குடியில் இருந்து கேட்டிருந்தாய் மகள். வாடகையையும் குளிரையும் அங்கே இருக்கும் உன் மாமா சொல்வார். அம்மாவின் திவசத்துக்கு வந்து கல்லடியில்தான் நிற்கிறேன், படிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பி1 உடன் போகாதே. முதலாம் ஆண்டுக்குப் பெரும்பாலும் அடுத்த நிலையான பி2 கேட்பார்கள், இலக்கியத்துக்கு அதுவும் காணாது. பேச்சில் காதில் விழாத ஓர் இறந்தகாலம் நாவல் முழுக்க வரும், பாஸே சிம்ப்ள் என்று பெயர். நமக்கு இது புதிதில்லை. வீட்டில் மட்டக்களப்புப் பேச்சில் "மறுகா" என்கிறோம், பரீட்சைத் தாளில் "பின்னர்" என்று எழுதுகிறோம். அங்கேயும் இரண்டு மொழி படிக்கப் போகிறாய் என்று நினைத்துக்கொள்.

நான் 1998 இல் ஒரு சொல்லும் தெரியாமல் போனேன். ஒரு உணவகத்தின் சமையற்கட்டில் வேலை. மீன் தட்டைக் குளிர்ப்பெட்டியில் "தெசூ" வை என்றார் சமையற்காரர். கீழே என்று அர்த்தம். எனக்கு அது "தெஸ்யூ", மேலே என்று கேட்டது. மேல்தட்டில் வைத்தேன். மீன் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே இருந்த சலாட் இலை முழுக்க இறங்கிவிட்டது. அன்று பாதிச் சம்பளம் வெட்டினார்கள். அறையில் நாலு பேர் என்பதால், இரவு குளியலறைக் கண்ணாடி முன் நின்று பழகினேன். உதட்டை "ஊ" போலக் குவித்துக்கொண்டு உள்ளே "ஈ" சொல், அந்த "யூ" வரும். இன்றைக்கே தொடங்கு.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் என் "மறுகா"வைக் கேட்டுச் சிரித்த நம்மவர்கள் இருந்தார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர்களில் சிலர் இருபது வருடம் கழித்தும், வதிவிட அனுமதி புதுப்பிக்கப் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். "பிரெஞ்சு படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று உன்னிடம் கேட்கப் போவதும் அவர்கள்தான். காது கொடுக்காதே.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. 31 வயதில் லெத்ர் மொதெர்ன் என்ற பிரெஞ்சு இலக்கியப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். முதல் கட்டுரைக்கு 20 க்கு 6. உயர்தரத்துக்கு நோட்ஸ் பாடமாக்கின மாதிரியே பாடமாக்கி, தெரிந்ததையெல்லாம் கொட்டியிருந்தேன். "உங்கள் கேள்வி எங்கே?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார் விரிவுரையாளர். திசெர்த்தாசியோன் என்ற அந்தக் கட்டுரையில், கொடுத்த கூற்றுக்குள் இருக்கும் சிக்கலை நீயே கண்டுபிடித்துக் கேள்வியாக்க வேண்டும். அதை ஒரு பக்கம் ஏற்று, மறுபக்கம் மறுத்து, பிறகு அதையும் தாண்டிப் போக வேண்டும். இன்னொரு வகைப் பயிற்சி, இருபது வரிப் பகுதியைச் சொல் சொல்லாக விளக்குவது. ஏன் இந்த வினைக்காலம், ஏன் இந்த இடத்தில் நிறுத்தம் என்று.

அது பிடிபடாமல் கிடந்தபோது அப்பாதான் நினைவுக்கு வந்தார். அவர் வடமோடிக் கூத்தாடியவர். பழகும்போது, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒரு வரியில் மத்தளத்தை நிறுத்தி, "இந்த இடத்தில் ராசா ஏன் குரலைத் தாழ்த்துகிறான்?" என்று கேட்பார். பதில் வராமல் அடுத்த வரிக்குப் போக விடமாட்டார். வாசலில் பாயில் கிடந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பழைய பிரெஞ்சு நாடகாசிரியர் ரசீனின் நாடகத்தை அப்படி வாசிக்கத் தொடங்கினேன். அடுத்த தவணை 13 வந்தது. அங்கே 12 என்றாலே நல்ல புள்ளி, 16 அபூர்வம். 11 வந்தால் அழாதே.

காசு விஷயம்: 2019 இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு இளங்கலைக் கட்டணத்தை ஆண்டுக்கு 2,770 யூரோவாக்கினார்கள். பிறகு கூடியிருக்கிறது, சில பல்கலைக்கழகங்கள் விலக்கும் கொடுக்கின்றன. ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார். விசாவுக்கு மாதம் 615 யூரோ கணக்கில் காட்ட வேண்டும். வருடத்துக்கு 964 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். மிச்சத்தைக் களவாகச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே, வதிவிட அனுமதி போய்விடும்.

வேலைக்கு வழி உண்டு. வெளிநாட்டவருக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் முதுகலை செய்தேன், இப்போது புதிதாக வரும் தாய்மாருக்குப் படிப்பிக்கிறேன்.

இந்த மாதம் முடியும்வரை இங்கே நிற்பேன். ஒரு பின்னேரம் வா மகள். பி2 பழைய வினாத்தாள் ஒன்று கொண்டு வா, நோட்ஸ் வேண்டாம். ஒரு கட்டுரை எழுதிப் பார்ப்போம்.