ஆமை நகமும் குளத்து ஷீட்டும்

கேள்வி: குரோம்பேட்டையில் எங்களுக்குத் தனி வீடு. பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஆறு வருஷம் முன்பு கொளத்தூரில் இரண்டு சிவப்புக் காது ஆமைக் குஞ்சுகள் வாங்கி வந்தோம். அன்று உள்ளங்கைக்குள் அடங்கியவை, இன்று டிபன் தட்டு அளவு. கண்ணாடித் தொட்டி போதாமல், கொல்லையில் 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்துக்குக் குழி வெட்டி நீலத் தார்ப்பாய் விரித்தேன். நாலே மாதத்தில் தண்ணீர் நிற்கவில்லை. நகம் கிழித்துவிட்டது என்கிறார்கள். எந்த ஷீட் வாங்கலாம்? அடியில் மணல் கொட்டினால் ஷீட்டுக்குப் பாதுகாப்பா? நகத்தை வெட்டிவிடலாமா? பக்கத்து வீட்டுக்காரர் ஏரியில் கிடைத்த நாட்டு ஆமை ஒன்றைத் தருகிறேன் என்கிறார், அதையும் சேர்த்து விடலாமா?

பதில்: புது ஷீட் வாங்கப் போவதற்கு முன்னால், அந்தப் பழைய தார்ப்பாயைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எங்கே, எப்படிக் கிழிந்திருக்கிறது என்பதை வைத்தே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஓட்டையின் விளிம்பு உள்பக்கம் பார்த்துப் பிதுங்கி, சுற்றிலும் செம்மண் கறை இருந்தால், அது கீழே இருந்து குத்திய கல். நேர்கோடாக வெளுத்து விரிந்திருந்தால் அது மடிப்பில் வந்த விரிசல். நகத்தின் வேலை வேறு மாதிரி இருக்கும்: விசிறி விரித்ததுபோல் மெல்லிய கீறல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில், பெரும்பாலும் ஏதாவது ஒரு மூலையில் நீர்மட்டத்தை ஒட்டி. நான் பிரித்துப் பார்த்த குளங்களில் கல்லும் மடிப்பும் செய்த சேதம்தான் அதிகம். பழி மட்டும் ஆமைமேல் விழுந்திருந்தது. உங்கள் பகுதி மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் ஓரடி தோண்டினாலே கருங்கல் சில்லு வரும். போதாததற்கு வீடு கட்டியபோது கொல்லையில் கொட்டி மூடிய டைல்ஸ் துண்டு, ஆணி, கண்ணாடி எல்லாம் இருக்கும். 180 கன அடிக் குளத்தில் சுமார் 5,000 லிட்டர் தண்ணீர், அதாவது 5 டன் எடை. அந்த எடை ஒரு மெல்லிய தார்ப்பாயைக் கல்முனையில் வைத்து இராப்பகலாக அழுத்தினால் நாலு மாதம் தாங்கியதே பெரிசு.

அதற்காக நகம் ஒன்றும் செய்யாது என்று சொல்லவில்லை. செய்யும். ஆனால் ஆமை பார்த்த இடத்தையெல்லாம் பிறாண்டாது. நீந்தும்போது அதன் நகம் அடித்தளத்தில் பட்டும் படாமல் போகும், அதனால் ஒன்றும் ஆகாது. ஏற வழியில்லாத இடத்தில் ஏறப் பார்க்கும்போதுதான் சேதம். காலை எட்டு மணிக்கு வெயில் ஒரு மூலையில் விழுகிறது என்று வையுங்கள். ஆமை அங்கே போய் முன்கால் இரண்டையும் சரிவில் வைக்கும். இடது காலால் ஓர் இழுப்பு, வலது காலால் ஓர் இழுப்பு. உடம்பில் பாதி தண்ணீருக்கு மேலே வரும், வழுக்கும், மறுபடி தொடங்கும். அரை மணி நேரம் சலிக்காமல் செய்யும். நாளைக்கும் அதே மூலை, அதே நேரம். ஒரு மாதம் கழித்து அங்கே விரலால் தடவினால் ஷீட் சொரசொரவென்று இருக்கும்.

ஆகவே ஆமைக்கு ஏறவும் இறங்கவும் ஒரே ஒரு சுலபமான இடத்தை நீங்களே அமைத்துக் கொடுங்கள். நகம் படும் இடம் அதுவாகிவிடும். முழுக் குளத்தையும் காக்கப் பணத்தைச் செலவழிப்பதற்குப் பதில், அந்த இரண்டடி அகலத்தை மட்டும் நன்றாகக் காப்பாற்றினால் போதும்.

இதற்குக் குழியின் வடிவத்தையே கொஞ்சம் மாற்ற வேண்டும். பலரும் வாணலி மாதிரி நாலு பக்கமும் சரிவாக வெட்டுவார்கள். ஆமைக் குளத்துக்கு அது ஆகாது, சுற்றிலும் ஏறிப் பார்க்கத் தூண்டும். ஆமை ஏறும் இடத்தை மட்டும் சரிவாக விட்டு, மற்றப் பக்கங்களை ஏறக்குறைய செங்குத்தாக வையுங்கள். மண் சரியாமலிருக்கக் கொத்தனாரிடம் சொல்லி அரைச் செங்கல் சுவர் எழுப்பி, உள்பக்கம் மழமழவென்று பூசச் சொல்லுங்கள். மூலைகளை உருட்டிவிடச் சொல்லுங்கள், அப்போதுதான் ஷீட் மடிப்பு குறையும். செங்கல்லும் சிமெண்டும் போட்ட பிறகு ஷீட் எதற்கு என்று கொத்தனாரே கேட்பார். வெயிலில் சுருங்கி மழையில் ஊறும் மண்ணில் சிமெண்ட் தொட்டி இரண்டு மூன்று வருஷத்தில் மயிரிழை விரிசல் விடுவது சகஜம். அந்த அசைவுக்கு ஷீட் வளைந்து கொடுக்கும்.

சரி, எந்த ஷீட்? தார்ப்பாயை விட்டுவிடுங்கள். பண்ணைக்குட்டைகளுக்குப் போடும் 500 மைக்ரான் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட் கல்லுக்கும் நகத்துக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் விறைப்பானது. பெரிய குட்டையில் அது குறையில்லை, பத்துக்கு ஆறு அடிக் குழியில் மூலைக்கு மூலை முரண்டு பிடிக்கும். கிழிந்தால் பசையும் ஒட்டாது, சூடு வைத்துத்தான் ஒட்டவேண்டும், அதற்கு ஆளும் கருவியும் தேடிப் போகவேண்டும். உங்கள் அளவுக் குளத்துக்கு நான் சொல்வது 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈபிடிஎம் ரப்பர் ஷீட். விலை கூடுதல்தான். ஆனால் ரப்பர் இழுபடும், மூலையில் படியும், சென்னை வெயிலையும் தாங்கும், வீட்டிலேயே ஒட்டுப் போடலாம். கூரைக்கு என்று விற்பதை வாங்காமல் மீன் குளத்துக்கு என்று விற்பதைக் கேட்டு வாங்குங்கள்.

அளவுக் கணக்கு இது: நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கு, அதோடு கரைக்கு இரண்டு பக்கமும் ஓரடி. உங்கள் குளத்துக்கு 10+6+2 என்று 18 அடி நீளம், 6+6+2 என்று 14 அடி அகலம். குழி வெட்டி முடித்து, டேப்பை உள்ளே இறக்கி அளந்த பிறகே வாங்குங்கள். காகிதத்தில் போட்ட அளவும் குழியின் அளவும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஷீட்டுக்கு அடியில் என்ன போடுகிறீர்கள் என்பது ஷீட்டைவிட முக்கியம். குழியின் தரையை வெறுங்கையால் தடவிப் பாருங்கள். கையில் குத்துவது ஷீட்டிலும் குத்தும். கல்லைப் பொறுக்கி, இரண்டு அங்குலம் சலித்த மணல் பரப்பித் தண்ணீர் தெளித்து இறுக்குங்கள். அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி. இது கம்பளி மாதிரி இருக்கும், மக்காது, எலி பெருச்சாளி கடிப்பதற்கும் சுலபமில்லை. சிலர் பழைய சாக்கும் கோணியும் போடுகிறார்கள். ஒரே மழைக்காலத்தில் மக்கிப்போய், கல் மறுபடி வெளியே தெரியும்.

நீங்கள் கேட்ட மணல் ஷீட்டுக்குக் கீழே வேண்டும், மேலே வேண்டாம். மேலே கொட்டினால் ஆமைக் கழிவு அதற்குள் இறங்கி அழுகும், இரண்டே வாரத்தில் நாற்றம் எடுக்கும். சின்ன ஜல்லி அதைவிட ஆபத்து. ஆமை அதை விழுங்கும், குடல் அடைத்துக்கொள்ளும். கூழாங்கல் போட ஆசையாக இருந்தால் ஆமைத் தலையைவிடப் பெரிதாகப் பார்த்து நாலைந்து வையுங்கள். தரை வெறுமையாக இருப்பதே நல்லது. மோட்டாரையும் செடித் தொட்டியையும் மட்டும் நேராக ஷீட்மேல் வைக்காமல், மிச்சமான ரப்பர் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள்.

அப்புறம் அந்த ஏறும் இடம். குளத்தின் எந்தப் பக்கம் காலை வெயில் விழுகிறதோ அந்தப் பக்கம் வையுங்கள். ஷீட்டின்மேல் ஜியோ டெக்ஸ்டைல் ஒரு மடிப்பு, அதன்மேல் வெட்டி மிஞ்சிய ரப்பர் ஒரு துண்டு, அதற்கும் மேலே இரண்டு அங்குலக் கனத்தில் சிமெண்ட் கலவைச் சரிவு. உள்ளே கோழி வலை வைக்கலாம், ஆனால் வெட்டிய கம்பி முனையை மேல்நோக்கி மடித்துக் கலவைக்குள் புதைக்கவேண்டும், கீழ்நோக்கி நின்றால் அதுவே ஷீட்டைக் குத்தும். சரிவு இரண்டடி அகலம் இருக்கட்டும், வயதான ஒருவர் கைப்பிடி இல்லாமல் ஏறக்கூடிய சாய்தளம் அளவுக்கு மெதுவாக எழட்டும். கலவை ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் நகத்துக்குப் பிடி கிடைக்கும். சரிவின் கீழ்முனை நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே போகவேண்டும். சித்திரை வைகாசியில் வெயிலுக்கே தண்ணீர் தினம் அரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும், பத்து நாள் ஊருக்குப் போய் வந்தால் இரண்டு அங்குலம் குறைந்திருக்கும். சரிவு கட்டையாக இருந்தால் அன்றைக்கு ஆமைக்குக் கால் எட்டாமல் ஷீட்டைத்தான் பிறாண்டும். புதுச் சிமெண்டில் சுண்ணாம்பு இறங்கும். ஆமையை விடுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் வைத்து வெளியேற்றுங்கள், இப்படி இரண்டு மூன்று தடவை.

கரையில் ஷீட் கண்ணுக்குத் தெரியவே கூடாது. விளிம்பை வெளியே மடித்து அதன்மேல் கடப்பா கல் பதித்து, கல் இரண்டு அங்குலம் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கச் செய்யுங்கள். கல்லின் அடி விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடவேண்டும். நீட்டிய கல் வெயிலிலிருந்து ஷீட்டைக் காக்கும், ஆமை மேலே ஏறுவதையும் தடுக்கும்.

நகத்தை வெட்டாதீர்கள். அதற்குள் இரத்த நாளம் ஓடுகிறது. வலிக்கும், புண்ணாகும், மறுபடி வளரவும் செய்யும். உங்கள் இரண்டில் ஒன்றுக்கு முன்கால் நகம் ரொம்ப நீளமாக இருந்தால் அது ஆண். பெண்ணின் முகத்துக்கு நேரே படபடவென்று ஆட்டிக் காட்டத்தான் அந்த நகம். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஷீட்டுக்குப் பெரிய கெடுதி அதனால் இல்லை. எடை அதிகமான பெண் ஆமையைத்தான் கவனிக்கவேண்டும். ஆண் துணை இல்லாவிட்டாலும் அது முட்டையிடும். முட்டைக்கு இடம் தேடும் நாட்களில் கரையெங்கும் அலைந்து பின்காலால் தோண்டும், கடப்பா கல்லுக்கு அடியில்கூட. ஏறும் சரிவின் மேல்முனையில் நாலடிக்கு மூன்றடி, ஓரடி ஆழத்துக்கு மணலும் மண்ணும் கலந்து ஒரு பாத்தி விடுங்கள். முட்டையிட மண் கிடைக்காமல் உள்ளேயே தங்கிப்போனால் ஆமை உயிருக்கே ஆபத்து. ஷீட் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

குளத்தையும் பாத்தியையும் சேர்த்து ஒன்றரை அடி உயரத்துக்கு வழவழப்பான சுவர் கண்டிப்பாக வேண்டும். கம்பி வலையில் இவை ஏறிவிடும். சிவப்புக் காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் அதுவும் இருக்கிறது. 2015 டிசம்பர் மாதிரி ஒரு வெள்ளம் வந்து கொல்லை மூழ்கினால் அது நீந்திப் போய்ச் சேருவது ஏரிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும். அங்கே நம் ஊர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். புயல் அறிவிப்பு வந்த அன்றைக்கே இரண்டையும் பெரிய டப்பில் போட்டு வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுங்கள். மழைக்காலத்தில் இன்னொன்று: ஐப்பசி கார்த்திகையில் குளத்தைக் கழுவுகிறேன் என்று காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும் நேரம் அது. உள்ளே எடை இல்லாவிட்டால் ஷீட் பூரி மாதிரி உப்பி எழும்பும், சரிவையும் பெயர்த்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் தரும் ஆமையை வாங்காதீர்கள். ஏரியில் கிடைத்தது என்றால் பாலாமையாகவோ கருப்பு ஆமையாகவோ இருக்கும். நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் ஆமைகளோடு பழகிய பிறகு ஏரியில் திருப்பி விட்டால் நோயும் கூடவே போகும். இப்போதே வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஆமை இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். சரிவின்மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் குளத்துத் தண்ணீர் ஊற்றி நிறுத்தி, வாளிக்குள்ளும் வெளியே குளத்திலும் நீர்மட்டத்துக்குக் கோடு போடுங்கள். மழையில்லாத ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. குளம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு. எந்த மட்டத்தில் தண்ணீர் இறங்குவது நிற்கிறதோ, அந்த மட்டத்தைச் சுற்றித்தான் ஓட்டை. அங்கே சிரிஞ்சில் கொஞ்சம் பால் எடுத்து ஷீட்டை ஒட்டி மெதுவாக விட்டுப் பார்த்தால், வெள்ளைக் கோடு ஓட்டைக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஒட்டுத் துண்டை வட்டமாக வெட்டுங்கள், ஓட்டையைச் சுற்றி மூன்று அங்குலம் தள்ளி வரட்டும். சதுர மூலை சீக்கிரம் பெயரும்.

கசிவு இல்லை என்று தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆமைகளை விடுங்கள். விட்டுவிட்டு உள்ளே போகாமல் ஒரு மணி நேரம் கரையில் உட்காருங்கள். முதலில் சுற்றிச் சுற்றி நீந்தும், சுவரில் மூக்கை முட்டும். சரிவைத் தவிர வேறு எங்காவது முன்கால் வைத்து ஏறப் பார்த்தால், சாக்பீஸால் கரைக்கல்லில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். மறுநாளும் அதே இடம் என்றால் அங்கே ஒரு ரப்பர் துண்டைக் கடப்பா கல்லுக்கு அடியிலிருந்து தொங்கவிடுங்கள்.